புகை தரும் வலு

புத்தளம் மாவட்டத்தில், மேற்கே பெருங்கடலும் கிழக்கே களப்பும் சூழ்ந்த கற்பிட்டித் தீபகற்பத்தில் குறிஞ்சிப்பிட்டி என்னும் கரையோர ஊர் அமைந்துள்ளது. அத்தீபகற்பத்தில் வீசும் பருவக்காற்றைப் பயன்படுத்தும் பொருட்டு மாம்புரியில் 2010ஆம் ஆண்டு காற்றாலைகள் இயங்கத் தொடங்கின. 2011ஆம் ஆண்டு நுரைச்சோலையில் நிலக்கரி மின்நிலையம் எழுந்தது. அங்கே நீராவி சுழலியைச் சுழற்றுகின்றது. இவற்றுக்கு உறவான இன்னொரு சுழலி, அவ்வழியே செல்லும் சில உயர்தரக் கார்களின் முன்மூடிக்குள் மறைந்திருக்கின்றது. உள்ளங்கையளவான அச்சக்கரத்தைச் சுழற்றுவது, கார் கழித்துவிடும் புகையேயாகும். அதனையே டேர்போ என்று அழைக்கின்றனர்.

இக்கருவியின் தேவை யாது? பெற்றோல் தனித்து எரிவதில்லை. ஒரு கிலோகிராம் பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறக்குறைய 14.7 கிலோகிராம் காற்று வேண்டும். எனவே ஓர் எஞ்சின் எவ்வளவு வலுவைத் தரும் என்பதை, அது எவ்வளவு காற்றை உள்ளிழுக்க வல்லது என்பதே தீர்மானிக்கின்றது. மறுபுறம், எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியே வீணாக வெளியேறுகின்றது. வீணாகும் இவ்வெப்பத்தைக் கொண்டே மேலதிகக் காற்றை உட்செலுத்தலாம் என்று கருதியவர் சுவிஸ் நாட்டுப் பொறியியலாளர் அல்பிரெட் பூகி. 1905ஆம் ஆண்டிலே அவர் தமது கருத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஒரே தண்டின் ஒரு முனையில் புகையாற் சுழலும் சக்கரம். மறுமுனையில் காற்றை அமுக்கும் சக்கரம். அமைப்பு இவ்வளவே. இன்றைய கார்களில் அத்தண்டு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் தடவைக்கு மேலும் சுழல்கின்றது.

கப்பல்களின் டீசல் எஞ்சின்களில் 1920களிலேயே இடம்பெற்ற இம்முறை, விற்பனைக் கார்களை அடைய 1962ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டில் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபில் நிறுவனம் ஜெட்பயர் என்னும் காரை வெளியிட்டது. அதன் எஞ்சினுக்குப் பெற்றோலுடன் மட்டும் வேலை முடியவில்லை. வெப்பத்தைத் தணிப்பதற்காக, நீரும் மெதனோலும் கலந்த திரவம் ஒன்றைத் தனித் தாங்கியில் நிரப்பவேண்டியிருந்தது. அத்தாங்கி வெறுமையானபோது வண்டியின் வலுவும் குன்றியது. இரண்டே ஆண்டுகளில் அக்கார் கைவிடப்பட்டது.

அத்திரவத்தின் தேவையை விளங்கிக்கொண்டால், டேர்போக் கார்களை மாற்றியமைப்பதன் உள்விடயம் முழுவதும் விளங்கிவிடும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடேறுவதை அனைவரும் அறிவர். காற்றை அமுக்கினால் அது சூடாகும் என்பது இயற்கை விதி. குறிஞ்சிப்பிட்டியில் நண்பகலில் 35 பாகை வெப்பமுள்ள காற்றை டேர்போ இரு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்குமாயின், அதன் வெப்பம் சுமார் 130 பாகையை எட்டும். அதனைத் தணிப்பதற்காக, வண்டியின் முன்புறத்தில் இடைக்குளிர்விப்பான் எனும் மெல்லிய அலுமினியத் தகடுகளாலான கருவி பொருத்தப்பட்டுள்ளது. ஆயினும் அது வெளிக்காற்றைக் கொண்டே குளிர்விக்கின்றது. ஆதலால் வெளிக்காற்றினும் குளிர்ந்த நிலைக்கு அதனாற் கொண்டுவர முடியாது.

சூடான காற்று எஞ்சினுக்குள் புகுந்தால் நேரும் தீங்கு யாது? தீப்பொறி பற்றவைத்த சுடர் உருளையின் எல்லா மூலைகளையும் அடையுமுன்னரே, எஞ்சிய கலவை தானாக வெடித்துவிடுகின்றது. கராஜ்களில் 'நொக்' என்று சொல்லப்படும் தட்டோசை இதுவே. தொடர்ந்து தட்டினால் பிஸ்டன் உடையும், அல்லது உருகும். பெற்றோலின் ஒக்டேன் எண் என்பது, இத்தட்டலை எதிர்த்து நிற்கும் ஆற்றலின் அளவாகும். இலங்கையில் 92, 95 என்னும் ஒக்டேன் எண்களையுடைய பெற்றோல் வகைகள் விற்கப்படுகின்றன. 95க்கென அமைக்கப்பட்ட எஞ்சினுக்கு 92ஐ ஊற்றுவோர், சேமிக்கும் பணத்தைவிடப் பெரிய செலவுக்கு வழி வகுக்கக்கூடும்.

சுவீடனின் சாப் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில், தட்டலை உணர்ந்து காற்றழுத்தத்தைத் தானே குறைக்கும் மின்னணுக் கருவியை அறிமுகப்படுத்தியது. இன்று அப்பணியை ஒவ்வொரு டேர்போக் காரிலும் ஒரு சிறு கணினி ஆற்றுகின்றது. எவ்வளவு அழுத்தம், எவ்வளவு பெற்றோல், எக்கணத்தில் தீப்பொறி என்பனவெல்லாம் அதன் அட்டவணைகளில் எழுதப்பட்டுள்ளன. வலுவைக் கூட்ட விரும்புவோர் முதலில் நாடுவது அவ்வட்டவணைகளைத் திருத்தி எழுதுவதையே. திருகாணி ஒன்றையும் தொடாமலே வண்டி வேகங்கொள்வதால், இவ்வலு இலவசமாகக் கிடைத்தது போலத் தோன்றும்.

உண்மை அதுவன்று. தரங்குறைந்த பெற்றோல், கடும் வெயில், கவனமற்ற பராமரிப்பு ஆகிய யாவற்றையும் எதிர்பார்த்தே, உற்பத்தியாளர் எஞ்சினின் தாங்குதிறனில் ஒரு பங்கைச் சேமிப்பாக விட்டுவைக்கின்றனர். மாற்றியமைப்போர் எடுத்துச் செலவிடுவது அச்சேமிப்பையே. குளிர்நாட்டில் அதிற் பெரும்பகுதி எஞ்சியிருக்கும். வெப்பமிக்க கரையோரத்திலோ, வெயிலே அதில் ஒரு பகுதியை முன்னரே செலவிட்டிருக்கும். குளிர்நாடுகளில் ஆராய்ந்து எழுதிய அட்டவணையை அப்படியே ஈண்டுப் பொருத்துவது, ஒருவரின் அளவுக்குத் தைத்த சட்டையை வேறொருவர் அணிவதைப் போன்றது.

கரையோரத்துக்கே உரிய இடர்கள் வேறும் உள. உப்புக்காற்று இடைக்குளிர்விப்பானின் தகடுகளை அரிக்கும். வடிகட்டியை மீறி உட்புகும் நுண்மணல், வேகமாகச் சுழலும் அமுக்கிச் சக்கரத்தின் இதழ்களைத் தேய்க்கும். ஓசைக்காகத் திறந்த வடிகட்டி பூட்டுவோர், பல வேளைகளில் எஞ்சினருகே உள்ள சூடான காற்றையே அதற்கு ஊட்டுகின்றனர். நீண்ட விரைவோட்டத்தின் பின் வண்டியை நிறுத்தியவுடன் எஞ்சினை அணைத்தலும் தவறு. ஓரிரு நிமிடம் மெல்ல ஓடவிட்டால், டேர்போவின் தண்டைத் தாங்கும் எண்ணெய் கருகாது காக்கப்படும்.

ஆதலின் வலுவைக் கூட்ட முனைவோர் வேலையின் வரிசையை அறிதல் வேண்டும். முதலில் எஞ்சினின் நலம், அடுத்துக் குளிர்விப்பு, பின்னர் பிரேக்கும் டயரும், இறுதியிலேயே வலு. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வண்டி 90ஐ எட்டும்போது, வேகம் ஒன்றரை மடங்காகின்றது. பிரேக் அடக்கவேண்டிய ஆற்றலோ இரண்டேகால் மடங்காகின்றது. கற்பிட்டி வீதியிற் பாடசாலைப் பிள்ளைகளும், மீன் ஏற்றிய சைக்கிள்களும், கால்நடைகளும் செல்வதுண்டு. எஞ்சின் பழுதுற்றால் உரிமையாளர் பணத்தை இழப்பார்; வண்டி நிற்கத் தவறினாலோ, வீதியிற் செல்லும் வேறொருவர் உயிரை இழக்க நேரும்.