குதிரையில் வந்த ஜெய்சங்கர்

தலையில் அகன்ற தொப்பி, இடுப்பில் துப்பாக்கி, புழுதி கிளப்பி ஓடும் குதிரை. ஆனால் பேசுவதோ தமிழ்! ‘கௌபாய்’ என்றதும் அமெரிக்காவை மட்டுமே நினைக்கும் மாணவர்கள், வீட்டிலுள்ள தாத்தாவைக் கேட்டுப் பாருங்கள். அவர் ஜெய்சங்கரின் பெயரைச் சொல்லக்கூடும்.

‘கற்பகம்’ (1963) போன்ற குடும்பப் படங்களுக்கு ஒளிப்பதிவு செய்தவர் எம். கர்ணன். அவரே பிறகு இயக்குநராகி ‘காலம் வெல்லும்’ (1970), ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ (இரண்டும் 1972), ‘எங்க பாட்டன் சொத்து’ (1975) என்று வரிசையாகக் கௌபாய் பாணிப் படங்களைத் தந்தார். நாயகன் ஜெய்சங்கர். கதை பெரும்பாலும் பழிவாங்கல்தான், புதிதாக ஒன்றுமில்லை. குதிரைத் துரத்தல்களைப் படம்பிடித்த விதத்துக்காகவே அவை இன்றும் பேசப்படுகின்றன.

ஒரு நாட்டுக் கதை இன்னொரு நாட்டுக்குப் போவது இந்த வகைப் படங்களில் சாதாரணம். ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ‘யோஜிம்போ’ (1961), இத்தாலியரான செர்ஜியோ லியோனியின் கையில் ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ (1964) ஆனது. அமெரிக்கப் பாலைவனமாக அதில் தெரிவது ஸ்பெயின் நாட்டு மண். பெங்களூருக்கு அருகிலுள்ள ராமநகரப் பாறைகளில் ‘ஷோலே’ (1975) எடுக்கப்பட்டது.

இத்தனை ஊர் மாறியும் இந்தக் கதை ஏன் செத்துப் போகவில்லை? ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் இயக்கிய ‘ஷேன்’ (1953) படத்தில் விடை இருக்கிறது. அதில் சண்டைக்குக் காரணம் தங்கமோ பெண்ணோ அல்ல, நிலம். அமெரிக்காவில் 1862ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ஐந்தாண்டுகள் குடியிருந்து பயிரிட்டவருக்கு 160 ஏக்கர் நிலம் தந்தது. அப்படிக் குடியேறிய ஏழைக் குடும்பங்களை ஒரு பெரிய மாட்டுப் பண்ணைக்காரன் விரட்டப் பார்க்கிறான். எங்கிருந்தோ வரும் ஷேன் அவர்கள் பக்கம் நிற்கிறான்.

பந்திங், கேரித் தீவு வட்டாரத்தில் தோட்டத்தில் வாழ்ந்த குடும்பத்தில் பிறந்தவருக்கு இது அந்நியக் கதையாகத் தோன்றாது. காட்டை அழித்து ரப்பர் நட்டவர்கள் நம்மவர்கள். ஆனால் குடியிருந்த லயம்கூட அவர்களுக்குச் சொந்தமில்லை. 1950களின் இறுதியில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்க, அவை துண்டாடப்பட்டன. தொழிலாளர் பலர் வேலையையும் வீட்டையும் சேர்த்தே இழந்தனர்.

அப்போது குதிரையில் யாரும் வரவில்லை. துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று பேசினார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. மாதம் 10 வெள்ளி வீதம் கட்டி 100 வெள்ளிப் பங்கு வாங்கினார்கள் பால்மரம் வெட்டியவர்கள். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. துப்பாக்கியே வெடிக்காத இந்தக் கதையைப் படமாக்கினால் ‘ஷேன்’ படத்துக்குச் சற்றும் குறையாது என்பது என் எண்ணம்.

ஹாலிவுட் படங்களைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அந்த 160 ஏக்கர் யாருடையது? அங்கே காலங்காலமாக வாழ்ந்த பூர்வகுடிகளிடமிருந்து பறித்தது அது. பழைய படங்கள் பலவற்றில் அவர்கள் அம்பெய்யும் எதிரிகளாக மட்டுமே வருகிறார்கள். ‘ஷேன்’ படத்திலோ அவர்கள் கண்ணிலேயே படுவதில்லை. கேரித் தீவில் மா மெரி மக்களின் கிராமங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் உறைக்கும்.

தமிழில் இந்த வகையைத் தொடங்க விரும்புவோருக்குச் சிம்புதேவனின் ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ (2010) எளிது. கேலியும் கிண்டலுமாக ஓடும். வாசிக்கப் பிடித்தவர்களுக்குச் சிவகாசியிலிருந்து வரும் லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் இருக்கிறார். அவரும் இத்தாலியில் 1948இல் பிறந்தவர்தான். பரீட்சை முடிந்த வார இறுதியில் ‘ஷேன்’ பாருங்கள், இரண்டு மணி நேரம்கூட ஆகாது. தாத்தா பாட்டி பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.