இரு கணிப்பொறிகளும் ஒரு பேரேடும்

வர்த்தக நிலையமொன்றின் பேரேடு முழுவதும் பழைய பெரிய கணிப்பொறி ஒன்றில் இருக்கின்றது. கிளைக் காரியாலயத்து இலிகிதரோ, தமது மேசைமீதுள்ள சிறு கணிப்பொறியில் அன்றைய வரவுகளைப் பதிந்து வைக்கின்றார். மாலையில் அப்பதிவுகள் பேரேட்டைச் சென்று சேர வேண்டும். உலகின் பல நகரங்களில் ஆண்டுக்கணக்காக நடந்துவரும் அன்றாடப் பணி இது. எனினும், ஒரு வாடிக்கையாளரின் கடனைக் கூட்டவோ குறைக்கவோ வல்ல தவறுகள் இச்சிறு பயணத்தில் மறைந்திருக்கின்றன.

ஐ.பி.எம். நிறுவனம் தனது மேசைக் கணிப்பொறியை 1981இலும், ஏ.எஸ்./400 என்னும் வர்த்தகக் கணிப்பொறியை 1988இலும் வெளியிட்டது. பிந்தியதன் வழித்தோன்றல்கள் இன்றும் பணிபுரிகின்றன. ஒரு காலத்தில் பதிவுகளை எடுத்துச் செல்வதே பெரும்பாடாக இருந்தது. பழைய வர்த்தகப் பொறிகள் பல 8 அங்குலத் தட்டுக்களை ஏற்றன; மேசைப் பொறியின் தட்டோ 5¼ அங்குலம். பின்னர் மேசைப் பொறியினுள் ஓர் அட்டையைப் பொருத்தி, அதனைப் பெரிய பொறியின் முனையம்போல இயங்கச் செய்தனர். இன்று இரண்டையும் ஒரே வலையமைப்பில் இணைத்துவிடலாம். வழி திறந்துவிட்டது, மொழிதான் வேறாக நிற்கின்றது.

கணிப்பொறி எழுத்தை எண்ணாகவே அறியும். மேசைப் பொறி, 1963இல் வகுக்கப்பட்ட ஆஸ்கி முறையைத் தழுவியது. ஏ.எஸ்./400, 1964இல் அறிவிக்கப்பட்ட சிஸ்டம்/360 வழிவந்த எப்சிடிக் முறையைத் தழுவியது. ஆங்கிலத்தின் முதற் பேரெழுத்து முன்னதில் 65, பின்னதில் 193. 1 என்னும் இலக்கம் முன்னதில் 49, பின்னதில் 241. ஆகவே பெயரும் விலாசமும் எழுத்துக்கெழுத்து பெயர்க்கப்பட வேண்டும். பெயர்த்த பின்னரும் ஒரு வேறுபாடு எஞ்சும். வரிசைப்படுத்தும்போது ஆஸ்கியில் இலக்கங்கள் எழுத்துக்களுக்கு முன் வரும். எப்சிடிக்கில் பின் வரும். எனவே கணக்கிலக்கங்களில் எழுத்தும் கலந்திருப்பின், வந்து சேர்ந்த பட்டியலை மறுபடியும் வரிசைப்படுத்தல் அவசியம்.

அடுத்தது பதிவின் நீளம். மேசைப் பொறியின் சாதாரண எழுத்துக்கோப்பில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டு அடையாளங்கள் நிற்கும். பழைய பொறிக்கு அவை வேண்டியதில்லை; ஒவ்வொரு பதிவும் இத்தனை இடம் என முன்னரே குறிக்கப்பட்டிருக்கும். 80 இடங்கொண்ட பதிவுகளை வரியடையாளங்களை நீக்காமல் அப்படியே அனுப்பினால், முதற் பதிவு சரியாக அமரும். இரண்டாவது இரண்டு இடம் தள்ளிப்போகும். மூன்றாவது நான்கு இடம். முதற் பொத்தானைத் தவறான துளையில் இட்டவன் சட்டைபோல, கீழே செல்லச் செல்லக் கோணல் மிகும். முதல் வரியை மட்டும் பார்த்துத் திருப்தியுறுபவர் இதனை அறியமாட்டார்.

எண்களிலேயே ஆபத்து மிகுதி. பழைய பொறி இடத்தைச் சிக்கனப்படுத்த, பைற் என்னும் ஓரலகில் இரண்டு இலக்கங்களைப் பொதிந்து வைப்பதுண்டு. 12345 என்பது இவ்வாறு மூன்று பைற்றில் அடங்கும். இறுதி அரைப் பங்கில் கூட்டல் அல்லது கழித்தற் குறி இருக்கும். இவ்வாறு பொதிந்த எண்ணை எழுத்தெனக் கருதிப் பெயர்த்தால் அது சிதைந்துவிடும். 3, 4 ஆகிய இரு இலக்கங்களைத் தாங்கிய பைற், ஆஸ்கியில் 4 என்னும் ஒற்றை எழுத்தின் எண்ணாகவும் இருப்பதே காரணம். எழுத்தைப் பெயர்க்காவிட்டால் தவறு. பொதிந்த எண்ணைப் பெயர்த்தால் தவறு. இரண்டும் ஒரே பதிவில் கலந்திருப்பதால், கோப்பு முழுவதற்கும் ஒரே கட்டளை பொருந்தாது. எனவே மேசைப் பொறியில் எண்களைத் திறந்த இலக்கங்களாக எழுதி, முழுவதையும் எழுத்தாகவே பெயர்த்து அனுப்பி, பழைய பொறியிலுள்ள ஒரு செயல்நிரலைக்கொண்டு அவற்றைப் பொதியச் செய்வதே பாதுகாப்பான வழி.

இங்கும் தசமப் புள்ளியில் கவனம் வேண்டும். பழைய கோப்பு புள்ளியை எழுதுவதில்லை. இறுதி இரண்டு இலக்கங்களும் சதம் என்பது கோப்பின் விவரணத்தில் மட்டும் குறிக்கப்பட்டிருக்கும். 1250.50 ரூபாவை மேசைப் பொறி 1250.5 என்று சுருக்கி எழுதியதாகக் கொள்வோம். புள்ளியை மட்டும் அகற்றினால் 12505 எஞ்சும். பழைய பொறி அதனை 125.05 ரூபா என வாசிக்கும். சிதைந்த எண்ணைக் கண்டு செயல்நிரல் நின்றுவிடுவதுண்டு. இத்தகைய தவறிலோ எப்பொறியும் நிற்பதில்லை. பணம் செலுத்தியவரின் கணக்கில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ரூபா ஓசையின்றி மறைந்துபோகும்.

இதற்குரிய காவல், கணிப்பொறிக்கும் முற்பட்ட கணக்காளர் வழக்கமே. அனுப்புமுன் பதிவுகள் எத்தனை, தொகைகளின் கூட்டுத்தொகை எவ்வளவு எனக் குறித்துக்கொள்ள வேண்டும். கணக்கிலக்கங்களையும் ஒன்றாகக் கூட்டிவைப்பது நலம். அக்கூட்டுத்தொகைக்குத் தனியே பொருளில்லையாயினும், ஓர் இலக்கம் மாறினாலும் அது காட்டிக்கொடுக்கும். கோப்புச் சேர்ந்த பின் பழைய பொறியில் அதே மூன்றையும் கணித்து ஒப்பிட வேண்டும். மூன்றும் ஒத்திருந்தால் மாத்திரமே அன்றைய வரவைப் பேரேட்டில் ஏற்றலாம். கோப்பு வந்து சேர்ந்ததெனப் பொறி அறிவிக்கும். கணக்குச் சரியென்று சொல்லும் பொறுப்போ, இருபுறத்துக் கூட்டுத்தொகைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் இலிகிதரையே சார்ந்தது.