ஓட்டல் வாசலில் மார்க் அட்டை!
கூடினால் ஆபத்து, குறைந்தால் முதல் வகுப்பு

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்து ஓட்டல்களின் வாசலில் ஓர் அட்டை இருக்கும். அதில் கொட்டை எழுத்தில் "ஏ" என்றோ, "பி" என்றோ, "சி" என்றோ அச்சிட்டிருக்கும்.

அது ஓட்டலின் பெயர் அல்ல. அதன் சமையல்கட்டு வாங்கிய மார்க்!

2010-ம் ஆண்டு ஜூலை மாதம் இந்த ஏற்பாடு வந்தது. சுகாதார இலாகா அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வருவார். நேரே சமையல்கட்டுக்குள் போவார். குற்றம் கண்டால் மார்க் போடுவார்.

பாத்திரத்தைச் சரியாகச் சுத்தம் செய்யாவிட்டால் குறைந்தது 2 மார்க். பச்சைக் காய்கறியைக் கழுவாமல் பரிமாறினால் 5. உணவை உரிய சூட்டிலோ, உரிய குளிரிலோ வைக்காவிட்டால் 7.

மொத்தம் 13 வரை "ஏ". 14 முதல் 27 வரை "பி". அதற்கு மேல் போனால் "சி".

அழுக்குப் பாத்திரத்துக்கு 2. ஆறிப்போன சோற்றுக்கு 7. இது என்ன நியாயம் என்கிறீர்களா?

அழுக்குப் பாத்திரம் கண்ணுக்குத் தெரியும். ஆறிய சோற்றில் இருக்கும் ஆபத்து தெரியாது. அரிசியில் ஒருவகைக் கிருமியின் வித்து உண்டு. கொதிக்க வைத்தாலும் அது சாகாது. சோறு வெதுவெதுப்பாக வெகுநேரம் கிடந்தால் முளைத்துப் பெருகும், விஷத்தைக் கக்கும். பிறகு சூடு பண்ணினால் கிருமி சாகலாம், விஷம் போகாது! சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்திதான். சோற்றில் நாற்றம் இருக்காது, ருசியும் மாறாது. அதனால்தான் சூடான உணவு 60 டிகிரி செல்சியசுக்குக் குறையக்கூடாது, குளிர்ந்த உணவு 5 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்று அங்கே விதி.

கிருமி சமைப்பவர் கையிலிருந்தும் வரும். இதே நகரத்தில் மேரி மலன் என்று ஒரு சமையற்காரி இருந்தாள். அவளுக்குக் காய்ச்சல் இல்லை. ஆனால் அவள் சமைத்த வீடுகளில் டைபாய்டு வந்தது! 1907-ல் அவளைப் பிடித்து ஒரு தீவில் வைத்தார்கள். "இனி சமைப்பதில்லை" என்று அவள் வாக்குக் கொடுக்கவே, 1910-ல் விட்டார்கள். 1915-ல் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் 25 பேருக்கு டைபாய்டு. 2 பேர் இறந்தார்கள். அங்கே, வேறு பெயரில், சமையற்காரி யார் தெரியுமா? அதே மேரி! மறுபடியும் தீவு. 1938-ல் அவள் இறக்கும்வரை விடவில்லை.

ஓட்டல்காரருக்கும் அவகாசம் உண்டு. முதல் சோதனையில் "ஏ" கிடைக்காவிட்டால் அட்டை கிடையாது. அதிகாரி இன்னொரு நாள் திடீரென்று வருவார். அப்போதும் தவறினால் இரண்டு அட்டைகள் கொடுப்பார். ஒன்றில் எழுத்து. மற்றதில் "முடிவு நிலுவையில்" என்ற வாசகம். விசாரணை முடியும்வரை எதை வேண்டுமானாலும் மாட்டலாம்.

"சி" வாங்கியவர் எதை மாட்டுவார்? கேட்க வேண்டுமா! ஆனால் எந்தக் கடையில் என்ன குற்றம், எலி வந்ததா, ஈ மொய்த்ததா என்பதை எல்லாம் சுகாதார இலாகா இணையதளத்தில் போட்டுவிடுகிறது. வீட்டில் இருந்தபடியே யாரும் படிக்கலாம்.