அறிவியல் மென்பொருள்களில் தளர்வான உரிமங்கள்

தளர்வான உரிமம் என்பது ஒரு மென்பொருளின் மூல நிரலை எவரும் பயன்படுத்தவும், மாற்றவும், பகிரவும், விற்பனைப் பொருளில் சேர்க்கவும் மிகச் சில நிபந்தனைகளுடன் இசைவளிக்கும் திறந்த மூல உரிமம் ஆகும். எம்.ஐ.டி. உரிமம், பி.எஸ்.டி. உரிமங்கள், அப்பாச்சி 2.0 உரிமம் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. பைத்தான் மொழியில் அறிவியல் கணிப்புக்கு அடிப்படையாக விளங்கும் நம்பை, சைபை, சைக்கிட்-லேர்ன் ஆகிய நிரலகங்கள் மூன்று கூறுகள் கொண்ட பி.எஸ்.டி. உரிமத்தில் வெளியிடப்படுகின்றன. இவ்வுரிமம் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். ஆயினும் அது எதைக் கேட்கிறது, எதைக் கேட்கவில்லை என்பதில் குழப்பம் எழுவதுண்டு.

உரிமம் கேட்பவை

மூன்று கூறு பி.எஸ்.டி. உரிமத்தின் நிபந்தனைகள் பின்வருமாறு:

1. மூல நிரலைப் பகிர்பவர் அதிலுள்ள பதிப்புரிமை அறிவிப்பையும், நிபந்தனைகளையும், பொறுப்புத் துறப்பையும் நீக்கக் கூடாது.
2. கணினி நேரடியாக இயக்கும் இரும வடிவில் பகிர்ந்தால், அதே வாசகங்களை உடன்வரும் ஆவணத்தில் தர வேண்டும்.
3. எழுத்துவழி முன் அனுமதியின்றி, உரிமையாளர் அல்லது பங்களித்தோரின் பெயரைப் பயன்படுத்தித் தம் பொருளுக்கு ஆதரவு தேடக் கூடாது.

எம்.ஐ.டி. உரிமத்தில் மூன்றாவது கூறு இல்லை. 2004 இல் வெளியான அப்பாச்சி 2.0 உரிமம், பங்களித்தவர்களின் காப்புரிமங்களைப் பயன்படுத்தவும் வெளிப்படையாக இசைவளிக்கிறது. மாற்றப்பட்ட கோப்புகளில் மாற்றம் செய்ததைக் குறிப்பிடவும் அது கோருகிறது.

நிரலைத் தம் கணினியில் மட்டும் இயக்கி முடிவுகளை வெளியிடும் ஆய்வாளருக்கு முதல் இரண்டு நிபந்தனைகளும் பொருந்தா. நிரல் வேறொருவர் கைக்குச் செல்லும்போதே அவை நடைமுறைக்கு வருகின்றன. மாற்றிய நிரலை வெளியிட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மென்பொருள் தரும் விடை பிழையானாலும் அதை எழுதியவர் பொறுப்பாகார் என்பதைப் பொறுப்புத் துறப்பு தெளிவாக்குகிறது. எனவே விடைகளைச் சரிபார்ப்பது பயன்படுத்துபவரின் வேலை.

மேற்கோள் காட்டுதல்

ஆய்வுக் கட்டுரையில் மென்பொருளை மேற்கோள் காட்டுவது ஆய்வு நெறி. அது மேற்கண்ட உரிமங்களின் நிபந்தனை அன்று. மேற்கோள் எண்ணிக்கை பதவிக்கும் நிதிக்கும் அளவுகோலாக இருப்பதால், சில ஆசிரியர்கள் அதைக் கட்டாயமாக்கும் ஒரு வரியை உரிமத்தில் சேர்க்க விரும்புகின்றனர். இதன் விளைவை பி.எஸ்.டி. உரிமத்தின் வரலாறே காட்டுகிறது.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உருவான பழைய பி.எஸ்.டி. உரிமத்தில் நான்கு கூறுகள் இருந்தன. மென்பொருளின் சிறப்பையோ பயனையோ குறிப்பிடும் ஒவ்வொரு விளம்பரத்திலும் பல்கலைக்கழகத்தின் பெயர் இடம்பெற வேண்டும் என்றது ஒரு கூறு. அவ்வுரிமத்தைப் பின்பற்றிய பிறர், அந்த இடத்தில் தத்தம் பெயரை இட்டுக்கொண்டனர். 1997 ஆம் ஆண்டின் நெட்பி.எஸ்.டி. பதிப்பு ஒன்றில் இத்தகைய 75 வாசகங்களை எண்ணியதாக ரிச்சர்ட் இசுட்டால்மன் குறிப்பிட்டுள்ளார். 1999 சூலையில் பல்கலைக்கழகம் அக்கூறை நீக்கியது.

பல நிரலகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுதப்படும் அறிவியல் மென்பொருளில், மேற்கோள் கட்டாயமும் இதே போலப் பெருகும். மேற்கோள் விவரத்தை உரிமத்தில் சேர்க்காமல் தனிக் கோப்பில் தருவதே சிக்கலற்ற வழி. இதற்கென 'சைட்டேஷன் ஃபைல் ஃபார்மட்' என்னும் கோப்பு வடிவம் உள்ளது. கிட்ஹப் தளம் 2021 முதல் அதை ஆதரிக்கிறது.

பிற உரிமங்களுடன் சேர்த்தல்

குனூ பொதுமக்கள் உரிமம் அளிப்புரிமை வகையைச் சேர்ந்தது. பி.எஸ்.டி. நிரலை அவ்வுரிமம் பெற்ற நிரலகத்துடன் இணைத்து ஒரே மென்பொருளாக வெளியிட்டால், அதன் முழுமைக்கும் குனூ உரிமம் பொருந்தும். இக்காரணத்தால் தளர்வான உரிமத் திட்டங்கள் அத்தகைய நிரலகங்களைத் தனியே வைக்கின்றன. எடுத்துக்காட்டாக, சைபை தன்னுள் பி.எஸ்.டி. வகை உரிமம் கொண்ட சூப்பர்எல்யு நிரலகத்தைக் கொண்டுள்ளது. குனூ உரிமத்திலுள்ள யு.எம்.எஃப்.பேக் நிரலகத்தை விரும்புபவர், அதற்கான இணைப்பைத் தனியே நிறுவிக்கொள்ளலாம்.

வெளியிடுபவர் கவனிக்க வேண்டியவை

உரிமம் ஏதும் குறிப்பிடாமல் இணையத்தில் இடப்பட்ட நிரல் பொதுச்சொத்தாகிவிடாது. பேர்ன் உடன்படிக்கையின்படி, பதிவு செய்யாவிட்டாலும் பதிப்புரிமை தானாகவே எழுகிறது. எனவே அதை நகலெடுக்கவோ மாற்றவோ பிறருக்கு உரிமை கிடைப்பதில்லை.

'கல்விப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்ற வரியைச் சேர்த்தால் அது திறந்த மூல உரிமமாகவே இராது. பயன்பாட்டுத் துறையைக் காட்டி வேறுபாடு பாராட்டுவதைத் திறந்த மூல வரையறை ஏற்பதில்லை. பணியின் பகுதியாக எழுதிய நிரலின் உரிமை நிறுவனத்திடம் இருக்கக்கூடும் என்பதால், உரிமம் இடுவதற்கு முன் அதன் இசைவைப் பெறுவது நல்லது.