இரண்டு கை, ஒரு சக்கரம்: பெயர் தெரியாத கருவியை அடையாளம் காண்பது

பழைய அளவுக் கருவி ஒன்று கைக்கு வந்தால் நான் முதலில் அதன் பெயரைத் தேடுவதில்லை. மூணு கேள்வி கேட்பேன். எது நகராமல் நிற்குது? எது அசையுது? அளவுக்கோடுகள் எதன்மேல் இருக்கு?

சமீபத்தில் நண்பர் ஒருவர் வாங்கி வைத்திருந்த நீளப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். உள்ளே மூட்டில் இணையும் இரண்டு உலோகக் கைகள். பார்த்தவுடன் கவராயம்னுதான் தோணும். ஆனா கவராயத்துக்குச் சக்கரம் எதுக்கு?

நகராதது: ஒரு கையின் நுனியில் இருக்கும் ஊசி. தாளில் குத்தி, மேலே எடை வைத்து நிறுத்துவது. அசைவது: இன்னொரு கையின் நுனியில் இருக்கும் முள். கோடுகள் இருப்பது மூட்டருகே உள்ள சின்னச் சக்கரத்தின் உருளையில். 100 பிரிவுகள், ஒட்டி ஒரு வெர்னியர், முழுச் சுற்றுகளை எண்ண ஒரு வட்டத் தட்டு.

இந்த மூணும் சேர்ந்தால் அது பிளானிமீட்டர், அதாவது பரப்புமானி. ஒரு உருவத்தின் ஓரத்தை முள்ளால் ஒருமுறை சுற்றி வந்தால், உள்ளே எவ்வளவு பரப்பு என்று சொல்லிவிடும். இந்த வகையை 1854-இல் உருவாக்கியவர் சுவிட்சர்லாந்தின் யாக்கோப் ஆம்ஸ்லர். வரைபடத்தில் ஏரியின் பரப்பை அளக்கவும், நீராவி எஞ்சினின் அழுத்த வரைபடத்திலிருந்து சராசரி அழுத்தம் கணக்கிடவும் இது பயன்பட்டது.

ஓரத்தைச் சுற்றினால் உள்பரப்பு எப்படித் தெரியும்? சூட்சுமம் சக்கரத்தில்தான். அதன் அச்சு முள்ளுள்ள கைக்கு இணையாக இருக்கும். கை பக்கவாட்டில் நகர்ந்தால் சக்கரம் உருளும். நீளவாக்கில் நகர்ந்தால் உருளாமல் வழுக்கும். போகும்போது கூட்டும், திரும்பும்போது கழிக்கும். ஊசி உருவத்துக்கு வெளியே இருந்தால், சுற்று முடிந்ததும் மிஞ்சுவது இதுதான்: மூட்டிலிருந்து முள் வரையுள்ள நீளம் × சக்கரம் உருண்ட நிகரத் தூரம் = பரப்பு. கணிதத்தில் இதற்குப் பின்னால் இருப்பது கிரீன் தேற்றம்.

சோதிப்பது சுலபம். 10 செ.மீ. பக்கமுள்ள சதுரம் வரையுங்க. ஒரு மூலையில் முள்ளை வைத்து அளவைக் குறிச்சுக்கிட்டு, கடிகாரச் சுற்றில் ஓரமாகவே வந்து அதே மூலையில் நிறுத்துங்க. வித்தியாசம் 1000 வந்தால், ஒரு பிரிவு 0.1 சதுர செ.மீ. கையின் நீளத்தை மாற்ற முடிகிற கருவின்னா இந்த மதிப்பும் மாறும். அதனால பெட்டி மூடியில் எண்கள் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தால் கிழிச்சுடாதீங்க. எந்த நீளத்துக்கு எந்த மதிப்பு என்பது பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

இன்னொன்று. சக்கரத்தின் விளிம்பைப் பளபளப்பாக்க உப்புத்தாள் போடவே கூடாது. தாளைப் பிடித்து உருள்வது அந்த விளிம்புதான். அது தேய்ந்தால் கருவி பார்க்க அழகாக இருக்கும். சொல்லும் கணக்கு பொய்யாகிவிடும்.