சுவைஞர் நினைவில் நெடுந்தொடர் எழுத்து: ‘ஆஸ் தி வேர்ல்டு டேர்ன்ஸ்’ பற்றிய ஓர் ஆய்வு

இலக்கிய வரலாறு எழுதப் புகுவோர் முதற்கண் நூலைத் தேடுவர். நூல் கிடைத்தபின் அதன் காலம், ஆசிரியர், பாட வேறுபாடு ஆகியவற்றை ஆராய்வர். நூல் கிடைக்காதவிடத்துப் பிறர் எடுத்தாண்ட பகுதிகளைக் கொண்டும், உரைகாரர் தரும் குறிப்புகளைக் கொண்டும் அதன் இயல்பை ஒருவாறு உய்த்துணர்வர். இம்முறை நமக்குப் புதியதன்று. ஆயினும், பல இலட்சம் மக்கள் நாள்தோறும் கண்டும் கேட்டும் நுகர்ந்த ஒரு படைப்பு, அச்சேறாமலே காற்றோடு கலந்துவிடுமாயின், அதன் எழுத்துத் திறனை எவரிடம் கேட்டறிவது? கண்டவர் நினைவு ஒன்றே சான்றாக எஞ்சும்போது, அந்நினைவை எவ்வளவிற்கு நம்பலாம்? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு ஏற்ற களமாக அமெரிக்க நாட்டின் பகல்நேர நெடுந்தொடர் விளங்குகின்றது. அவற்றுள் ‘ஆஸ் தி வேர்ல்டு டேர்ன்ஸ்’ என்னும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் எழுத்தைச் சுவைஞர் எவ்வாறு நினைவு கூர்கின்றனர் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

1. தொடரின் தோற்றம்

வழலை விற்கும் நிறுவனங்கள் தம் பொருள்களை இல்லத்தரசியர்க்கு அறிமுகம் செய்யும் பொருட்டு வானொலியில் நாடகங்களை நடத்தின. அதனால் இவ்வகை நாடகங்களுக்குச் ‘சோப்பு நாடகம்’ என்னும் பெயர் வழங்கலாயிற்று. எள்ளல் குறிப்போடு பிறந்த பெயர் பின்னர் ஓர் இலக்கிய வகையின் பெயராகவே நிலைத்துவிட்டது. இவ்வகையைத் தோற்றுவித்தோருள் தலையாயவர் இர்னா பிலிப்ஸ் அம்மையார் (1901–1973). 1930இல் சிகாகோ வானொலியில் ‘பெயின்டட் டிரீம்ஸ்’ என்னும் தொடரை எழுதிய அவர், 1937இல் ‘கைடிங் லைட்’ என்னும் தொடரைப் படைத்தார். அது 1952இல் தொலைக்காட்சிக்கு வந்து 2009 வரை நடைபெற்றது.

‘ஆஸ் தி வேர்ல்டு டேர்ன்ஸ்’ 1956 ஏப்பிரல் 2ஆம் நாள் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் தொடங்கியது. அதுகாறும் இத்தகைய தொடர்கள் கால் மணி நேரமே நிகழ்ந்தன. இர்னா தம் புதிய தொடரை அரை மணி நேரமாக அமைத்தார். நேரம் இரட்டித்ததனால் நிகழ்ச்சிகளை இரட்டிக்க வேண்டும் என அவர் கருதவில்லை. உரையாடலுக்கும் மௌனத்திற்கும் இடம் தந்தார். இல்லினாய்ச் சார்ந்த ஓக்டேல் என்னும் கற்பனை ஊரில், இயூசு என்னும் நடுத்தரக் குடும்பத்தினர் காலையுணவு உண்டுகொண்டே தம் மக்களின் வாழ்வைப் பற்றிப் பேசுவர். அப்பேச்சே கதையாக வளர்ந்தது. 1958 முதல் 1978 வரை இருபது ஆண்டுகள் பகல்நேரத் தொடர்களுள் மிகுதியானோர் கண்ட தொடராக இது விளங்கியது. 2010 செப்டம்பர் 17ஆம் நாள், 13,858 பகுதிகளோடு நிறைவெய்தியது.

2. எழுத்து நிகழும் முறை

இவ்வளவு பெரிய படைப்பை ஒருவர் எழுதுதல் இயலாது. தலைமை எழுத்தாளர் பல திங்கள்களுக்கு வேண்டிய கதைப்போக்கை முன்னரே வகுப்பார். விளம்பர நிறுவனமும் ஒளிபரப்பு நிறுவனமும் அதற்கு இசைவு தருதல் வேண்டும். பின்னர் ஒவ்வொரு நாளுக்கும் உரிய காட்சிகளின் சுருக்கம் எழுதப்படும். அச்சுருக்கத்தை அடிப்படையாகக் கொண்டு வேறு சிலர் உரையாடல் எழுதுவர். நடிகரும் இயக்குநரும் தயாரிப்பாளரும் அதனைத் திருத்துவதும் உண்டு. ஆகவே, ‘ஆசிரியர்’ என்னும் சொல் இங்கே ஒரு தொகுதிப் பெயராகவே நிற்கின்றது.

அவ்வாறாயினும், சுவைஞர் தொடரின் வரலாற்றைத் தலைமை எழுத்தாளரின் பெயராலேயே பகுத்துப் பேசுகின்றனர். ‘இர்னா காலம்’, ‘மார்லண்டு காலம்’ எனக் கூறும்போது, அரசர் பெயரால் ஆண்டுகளைக் குறிக்கும் கல்வெட்டு முறை நம் நினைவிற்கு வருகின்றது. நடிகர் மாறினும், காட்சியமைப்பு மாறினும் அவற்றைக் கால எல்லையாகக் கொள்ளாமல், எழுதியவர் மாற்றத்தையே எல்லையாகக் கொள்வது கருதத்தக்கது. வெறும் பொழுதுபோக்கு என்று கற்றோர் ஒதுக்கிய ஒன்றில், எழுத்தே உயிர் என்பதைக் கல்லாதாரும் கண்டுகொண்டனர் என்பதற்கு இப்பகுப்பே சான்று.

3. மார்லண்டு காலம்

நினைவு கூர்வோர் பெரும்பாலும் உயர்த்திக் கூறுவது டக்ளசு மார்லண்டு தலைமை எழுத்தாளராக இருந்த காலத்தையே ஆகும். அவர் 1985 முதல் 1993 மார்ச்சுத் திங்களில் தாம் மறையும் வரை அப்பணியில் இருந்தார். தொடரைக் கெடாமற் காக்கும் வழிகள் என அவர் கூறிய நெறிகள் அவர் மறைந்த ஆண்டில் இதழொன்றில் வெளிவந்தன. பின்னர்ச் சுவைஞர் அவற்றையே உரைகல்லாகக் கொண்டு எல்லா எழுத்தாளரையும் அளந்து பார்க்கலாயினர்.

அந்நெறிகளுள் முதன்மையானவற்றைத் தொகுத்துக் கூறுவோம். எழுத வருவோர் தொடரை முதலில் பார்த்தல் வேண்டும். அதன் பழைய வரலாற்றைக் கற்றல் வேண்டும். புதிய கதைக்கான வித்து அங்கேயே கிடக்கும். சுவைஞர் கடிதங்களைப் படித்தல் வேண்டும். நடிகரோடு கலந்து பேசுதல் வேண்டும். தொடரின் அடிப்படை மாந்தரது இயல்பை மாற்றுதல் கூடாது; மாற்ற நேரின் அதற்குத் தக்க காரணம் காட்டுதல் வேண்டும். ‘அவர் ஒருநாளும் அவ்வாறு செய்யார்’ எனப் பார்ப்போர் கூறுவராயின் எழுத்தாளர் தோற்றார் என்பது பொருள். புதிய மாந்தரைப் பைய வளர்த்து, முன்னுள்ளாரோடு பிணைத்தல் வேண்டும். இவை யாவும் ஒரு கருத்தின் விரிவே எனலாம். தொடரின் பழமை எழுதுவோர்க்கு மட்டும் உரியதன்று; பார்ப்போர்க்கும் உரிமையுடையது என்பதே அக்கருத்து.

இந்நெறிக்கு அவர் படைத்த சினைடர் குடும்பம் எடுத்துக்காட்டாகும். செல்வச் செருக்கு மிக்க உலூசிந்தா வால்சு என்பாள் உலில்லி என்னும் பெண்ணைத் தத்தெடுத்து வளர்த்து வந்தாள். உழவுத் தொழில் செய்யும் சினைடர் குடும்பத்து இளைஞன் ஓல்டன், வால்சு வீட்டுக் குதிரைக் கொட்டிலில் பணிபுரிய வந்து உலில்லியின் அன்பிற்கு உரியவனாகின்றான். உலில்லியைப் பெற்றவள் ஓல்டனின் தமக்கை ஐவா என்பது பின்னர் வெளிப்படுகின்றது. அவ்வாறாயின் ஓல்டன் உலில்லிக்குத் தாய்மாமன் அல்லனோ என்னும் ஐயம் எழும். மேலைநாட்டு வழக்கில் அவ்வுறவில் மணம் விலக்கப்பட்டது. எழுத்தாளர் அதனை முன்னரே எண்ணி, ஐவாவும் சினைடர் வீட்டில் தத்தாக வந்தவளே என அமைத்தார். தத்து என்னும் ஒரே செய்தி இரு தலைமுறையிலும் அமைந்து, கதையைக் கட்டுகின்றது. புதிய குடும்பம் பழைய குடும்பத்தோடு குருதியாலும் மறைபொருளாலும் பிணைக்கப்பட்டமையின், அதனைப் பார்ப்போர் அயலாராகக் கருதவில்லை.

4. பழங்கதையின் ஆட்சி

பழைய வரலாற்றைப் பயன்கொள்ளுதல் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று சபிரினாவின் கதை. இதனை விளக்க 1972ஆம் ஆண்டிற்குச் செல்லுதல் வேண்டும்.

அவ்வாண்டில் இர்னா மீண்டும் இத்தொடருக்கு எழுத வந்தார். கிம் என்னும் பெண்ணை அறிமுகம் செய்தார். அவள் மருத்துவர் பாபு இயூசின் மனைவி செனிபரின் உடன்பிறந்தாள். தமக்கை கணவனோடு ஒரு நாள் நெறி பிறழ்ந்து கருவுற்றாள். நற்குடியின் நன்மகன் என நெடுங்காலம் நிலைத்த பாபு இவ்வாறு செய்தமை பார்ப்போர் பலரைச் சினங்கொள்ளச் செய்தது. 1973இல் இர்னா தாம் படைத்த தொடரிலிருந்தே நீக்கப்பட்டார். அவ்வாண்டின் இறுதியில் மறைந்தார். கதையில் கிம்மின் குழந்தை இறந்து பிறந்ததாகக் கூறப்பட்டது.

ஆண்டுகள் பல கழிந்தன. செனிபர் இறந்தபின், 1985இல் பாபும் கிம்மும் மணந்துகொண்டனர். அதன்பின் மார்லண்டு அப்பழங்கதையைத் தோண்டி எடுத்தார். பாபுக்கும் செனிபருக்கும் பிறந்த பிரானி, தன்னையே ஒத்த உருவுடைய ஒரு பெண்ணைக் காண்கின்றாள். அவளே சபிரினா, இறந்துவிட்டதாகக் கருதப்பட்ட கிம்மின் மகள். சூலியன் மூர் இருவராகவும் நடித்து, 1988இல் பகல்நேர எம்மி விருது பெற்றார்.

உருவொற்றுமை என்பது நாடகங்களில் அடிப்பட்டுத் தேய்ந்த உத்தியே. ஆயினும் இங்கே அது பொருந்துகின்றது. இருவர்க்கும் தந்தை ஒருவர், தாயரோ உடன்பிறந்தார். ஆதலின், உருவொற்றுமைக்குரிய காரணம் பதின்மூன்று ஆண்டுகட்கு முன்னரே கதையில் விதைக்கப்பட்டிருந்தது. இர்னா அதனை விதைத்தபோது இவ்விளைவை எண்ணினார் என்று கொள்ளுதற்கில்லை. மார்லண்டே பழங்கதையைப் படித்து, அதனுள் கிடந்த வாய்ப்பைக் கண்டார். மூலத்தில் குறிப்பாக நின்றதை உரையாசிரியன் விரித்துக் காட்டும் தொழிலுக்கு இது நிகரானது.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. மார்லண்டு காலத்திலேயே, கிம்மை மணந்த பாபு, சூசன் என்பாளோடு ஒருமுறை பிறழ்கின்றான். சூசனோ, கிம்மின் முன்னாள் கணவனுக்கு முதல் மனைவியாக இருந்தவள், நெடும்பகை உடையவள். அடிப்படை மாந்தரின் இயல்பை மாற்றலாகாது என்னும் நெறியை வகுத்தவரே இவ்வாறு எழுதலாமோ எனின், எழுதலாம் என்பதே நம் விடை. பாபு அவ்வாறு செய்யார் எனக் கூற இயலாமைக்குக் கிம்மின் பழங்கதையே கரியாக நிற்கின்றது. அன்று செனிபர் உற்ற துன்பத்தை இன்று கிம் உறுகின்றாள். பழமையை அறிந்த சுவைஞர்க்கு இக்காட்சி இருமடங்கு பொருள் தரும். அறியாதார்க்கு அது ஒரு பிறழ்ச்சி மட்டுமே. நெடுந்தொடரின் நயம் நினைவுடையார்க்கே முழுதும் புலப்படும் என்பது இதனாற் பெறப்படும்.

5. நினைவின் எல்லை

இனி, இந்நினைவை அப்படியே வரலாறாகக் கொள்ளலாமா என்பதை ஆராய்வோம். மூன்று தடைகள் உள.

முதலாவது, சான்றுகளின் ஏற்றத்தாழ்வு. இத்தொடர் 1975 வரை நேரலையாகவே ஒளிபரப்பப்பட்டது. தொடக்கக் காலப் பகுதிகளுள் பல காக்கப்படவில்லை. 1980களிலோ வீட்டிலேயே ஒளிப்பதிவு செய்யும் கருவி பரவிற்று. சுவைஞர் தாமே பதிவு செய்து காத்துப் பன்முறை பார்த்தனர். எனவே, இர்னா காலத்து எழுத்தை மிகப் பலர் கண்டிருந்தும் இன்று மீளக் காண்பார் சிலரே. மார்லண்டு காலத்து எழுத்தோ மீண்டும் காணக் கிடைக்கின்றது. ஒரு காலம் பொற்காலமாகத் தோன்றுதற்கு அதன் ஏடுகள் எஞ்சியிருத்தலும் ஒரு காரணம் என்பதை இலக்கிய வரலாற்று மாணவர் நன்கறிவர்.

இரண்டாவது, கூட்டுழைப்பு ஒருவர் பெயரில் ஒடுங்குதல். உரையாடல் எழுதினோர் பெயர் மறைய, தலைமை எழுத்தாளர் பெயரே நிலைக்கின்றது. நினைவில் நின்ற ஒரு நல்ல வாக்கியம் எவர் கையது என அறிதல் அரிது.

மூன்றாவது, சூழலை மறத்தல். மார்லண்டு மறைந்தபின் தலைமை எழுத்தாளர் அடிக்கடி மாறினர். 1995இல் ஓ. சே. சிம்சனின் வழக்கு விசாரணையை ஒளிபரப்பும் பொருட்டுப் பகல்நேரத் தொடர்கள் பலநாள் தடைப்பட்டன. பார்ப்போர் தொகை குறைந்தது, செலவும் சுருக்கப்பட்டது. இவ்விடர்களின் நடுவே எழுதியோரை, வளம் மிக்க காலத்து எழுத்தோடு ஒப்பிட்டுப் பழித்தல் முறையாகாது. ‘மார்லண்டு இருந்திருப்பின்’ எனத் தொடங்கும் கூற்று அன்பின் வெளிப்பாடாக ஏற்கத்தக்கது. ஆராய்ச்சி முடிபாக ஏற்கத்தக்கதன்று.

6. முடிபு

இத்தடைகள் உளவெனினும், சுவைஞர் நினைவைப் புறக்கணித்தல் பெரும் இழப்பாகும். எந்தக் கதை எப்போது நிகழ்ந்தது, எவர் எவர்க்கு உறவு, எவ்விடத்தில் மாந்தர் இயல்பு மாறியது என்பனவற்றை அவர்கள் நுணுக்கமாக அறிந்துள்ளனர். இச்செய்திகளில் அவர்தம் நினைவு வலிய சான்று. எழுதியவர் யார், காரணம் யாது, முன்னையது சிறந்ததா பின்னையது சிறந்ததா என்னும் இடங்களில் அந்நினைவைப் பிற சான்றுகளோடு ஒத்திட்டே கொள்ளல் வேண்டும். நிகழ்ச்சியையும் மதிப்பீட்டையும் இவ்வாறு பிரித்துக் கொள்ளும் முறையை, ஏடு எஞ்சாத பிற படைப்புகளுக்கும், குறிப்பாக வானொலி நாடகங்களுக்கும் மேடை நாடகங்களுக்கும், ஆய்வு மாணவர் கையாளலாம்.

தொடரின் முதற் பகுதியில், நான்சி இயூசு தன் கணவனுக்குக் காலை வணக்கம் கூறினாள். அவ்வேடத்தை ஏற்ற எலன் வாக்னர் அம்மையார் ஐம்பத்து நான்கு ஆண்டு அத்தொடரோடு வாழ்ந்து, 2010 மே திங்களில் மறைந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் வந்த இறுதிப் பகுதியில், அவள் மகன் பாபு தன் மருத்துவமனை அறையை விட்டு நீங்கும்போது இரவு வணக்கம் கூறுகின்றான். தாயின் சொல்லோடு மகனின் சொல் இணைந்து ஒரு நாள் நிறைவுறுகின்றது. இறுதியில் எழுதியோரும் 1956ஆம் ஆண்டின் முதற் காட்சியை அறிந்தே எழுதினர் என்பது இதனால் விளங்கும். அதனைக் கண்ட சுவைஞருள் முதற் காட்சியை நேரிற் கண்டிருந்தோர் சிலரேனும் இருந்திருப்பர். அவர் கூறுவதைக் கேட்டுப் பதிவு செய்தல் இத்துறையில் இனி நிகழவேண்டிய பணியாகும்.