மானியத்துக்காக எழுதிய குறிப்பேடுகள்
கனடாவின் நோவா ஸ்கோஷியாவை ஒட்டிய கடல்மேடைக்கு, 1850-களில், மாசசூசெட்ஸ் மாகாணத்துப் பெவர்லி ஊரிலிருந்து பாய்மரக் கப்பல்களில் வந்து, மேல்தளத்து ஓரத்தில் நின்றவாறே தூண்டிற்கயிறு விட்டுக் காட் மீன் பிடித்தவர்கள், அவரவர் பிடித்த மீன்களை நாள்தோறும் எண்ணிக் குறித்துவைத்தது சாஸ்திர ஆர்வத்தினால் அன்று. குறிப்பேட்டைக் காட்டினாலொழிய அரசாங்க மானியம் கிடையாது என்ற லௌகிக நிர்ப்பந்தத்தினால்தான். பணத்தாசை சரித்திரத்துக்கு இவ்வளவு உபகாரம் செய்வது அபூர்வம்.

ஏடுகளின் இடையிடையே, பிரெஞ்சுக் கப்பல்கள் ஆயிரக்கணக்கான கொக்கிகள் கோத்த நெடுங்கயிறுகளைப் பரப்பி மீனை வாரிக்கொண்டு போகின்றன என்ற புலம்பலும் காணப்படுகிறது.

கனடிய விஞ்ஞானிகளின் முறையான அளவீடு 1970-இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய கடலை அறிய, ஆள் ஒன்றுக்குக் கிடைத்த மீன் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவந்த வேகத்தை இவ்வேடுகளிலிருந்து கணித்த ஆராய்ச்சியாளர்கள், 1852-இல் இங்கே சுமார் 12.6 லட்சம் டன் காட் இருந்திருக்க வேண்டுமென்று 2005-இல் வெளியிட்டனர். அவர்கள் காலத்திலோ 50,000 டன்கூடத் தேறவில்லை; அதிலும் வளர்ந்த மீன்களை மட்டும் பிரித்தெடுத்தால், அப்பழைய சிறு கப்பல்கள் பதினாறிலேயே அவையனைத்தும் அடங்கிவிடும். இம்மேடையின் கிழக்குப் பகுதியில் காட் பிடிப்பதற்கு 1993-இலேயே தடை விதிக்கப்பட்டிருந்தது.